தங்கப்பூ கேட்ட கண்ணாடி

அந்தக் காலத்தில், பறவையும் மிருகமும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு மலைக்காட்டின் நடுவே சுனை ஒன்று இருந்தது. சாதாரணச் சுனை என்று நினைத்துவிடாதீர்கள். காட்டில் எந்த மூலையில் என்ன நடந்தாலும் அதன் தண்ணீரில் பளிச்சென்று தெரியும். பகல் முழுக்க அதன் ஓரக்கிளையில் உட்கார்ந்து பார்த்து, ஆபத்து என்றால் கூவிச் சொல்வது தங்கப்பூ என்ற மஞ்சள் குருவியின் வேலை. காட்டிலேயே பொடிசான அவள் இனத்துக்குக் கிடைத்த ஒரே பதவி அது. அதில் அவளுக்குக் கொஞ்சநஞ்சப் பெருமையா!

ஆனால் மினுமினுக்கும் தண்ணீரையே நாள் முழுக்கப் பார்த்தால் கண் என்னத்துக்கு ஆகும்? எரிந்தது. நீர் கோத்தது. தலை விண்விண்ணென்று தெறித்தது. ஒருநாள் மான்களை நோக்கி வந்த செந்நாய்களைப் புதர் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டாள். மான்கள் ஓடிப் பிழைத்தது அவற்றின் நல்ல நேரம்.

யானைத் தலைவி சுனைக்கரையில் கூட்டம் போட்டாள்.

"இன்னொரு தப்பு நடந்தா அந்தக் கிளையில மைனாதான் உட்காரும், தங்கப்பூ. உன்னை விட எனக்கு மனசில்ல. அதனால தூர மலையைக் காவல் பாக்குற கழுகு போட்டிருக்கிற அதே மாதிரிக் கண்ணாடியை உனக்கும் செஞ்சு வச்சிருக்கேன். போடு."

காட்டுக்கே கண்ணாடி செய்து கொடுத்த தட்டான்பூச்சி அதைக் கொண்டுவந்து மாட்டிவிட்டது. கனத்த சட்டம், தகதகவென்ற பளபளப்பு. "அடடா, ராணி மாதிரி இருக்கா!" என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

தங்கப்பூ அண்ணாந்தாள். எதிர்மலையில் மேய்ந்த ஆட்டின் தாடிகூடத் தெரிந்தது. குனிந்தாள். சுனை கலங்கலாகக் கிடந்தது. தலையைப் பின்னுக்கு இழுத்து இழுத்துப் பார்த்ததில் கழுத்து வலித்ததுதான் மிச்சம். மூக்கை வேறு சட்டம் அழுத்தியது.

ஊரே மெச்சுகிறது, பேசாமல் போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சீ, அப்புறம் பதவி என்ன பதவி! எல்லோர் முன்னாலும் அதைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

கழுகுக்குச் சுருக்கென்றது. "எனக்குப் பொருந்தினது உனக்கு ஆகாதோ?"

"அண்ணே, நீங்க மலையைப் பாக்குறீங்க. நான் தண்ணியைப் பாக்குறேன். உங்க கண்ணாடி எனக்கு எதுக்கு?"

சொல்லிவிட்டு வழக்கம்போல் கிளையில் உட்கார்ந்து, தன் கண்ணுக்கும் தண்ணீருக்கும் இடையிலான தூரத்தை ஒரு குச்சியால் அளந்து தட்டானிடம் நீட்டினாள்.

"இந்தத் தூரம் தெளிவாத் தெரியணும். அதுக்கு மேல தெரியாட்டியும் போகுது. மூக்குல இருக்கறதே தெரியக்கூடாது, அவ்வளவு லேசா வேணும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "பாவம், மலையே வேண்டாமாம்!" தட்டான் மட்டும் சிரிக்காமல் மெல்லிய வெண்ணிற நாரால் சட்டம் வளைத்து, அவள் கேட்டபடியே செய்து தந்தது.

மறுநாள் சுனைத் தண்ணீரின் ஓரத்தில் மயிரிழை போல ஏதோ அசைந்தது. கண் கூசவில்லை, நீர் வடியவில்லை. உற்றுப் பார்த்தாள். புகை!

"மூங்கில்காட்டுல தீ! ஓடுங்க, ஓடுங்க!"

யானைகள் தும்பிக்கை நிறையத் தண்ணீரோடு பாய்ந்தன. குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்த புதரை நெருப்பு தொடுவதற்குள் அணைத்துவிட்டன.

யானைத் தலைவி கழுகைத் திரும்பிப் பார்த்தாள். "நீ பாக்கலையாப்பா?"

"நான் அந்தப் பக்கத்து மலையைப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்று கழுகு முணுமுணுத்தது. வெட்கத்தில் அன்றைக்கே தன் கண்ணாடியைத் தூக்கி எறிந்தும் விட்டது.

தலைவி சுனைத் தண்ணீரை உறிஞ்சி, பூமாரி போலத் தங்கப்பூவின் மேல் தெளித்தாள். "நீ இதைக் கழற்றவே வேணாம் தாயி. உன் வம்சத்துக்கும் இது நிலைக்கட்டும்."

அன்று முதல்தான், சிறகு முளைத்ததுமே தங்கப்பூவின் வம்சமான வெள்ளைக்கண்ணிக் குருவிகளுக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் விழுகிறது. அன்று முதல்தான் அவை கூட்டம் கூட்டமாக இலைகளுக்குள் புகுந்து, "நான்தான் பாத்தேன், நான்தான் பாத்தேன்" என்று இன்றுவரை ஓயாமல் பீற்றிக்கொள்கின்றன.