ஐந்தாம் விதியில் ஒரு வரி

"அம்மா, இன்னும் எத்தனை நாளைக்குத்தான் அந்தச் சுடலையைப் பொறுத்துக்கிறது?"

சங்குமுத்து கையில் ஒரு தாளோடு வந்து நின்றார். மடத்தின் விதிப் புத்தகம் அவர் பொறுப்பு.

மெய்யம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மடத்துக்குத் தலைவி. ஆனாலும் முறை வந்தால் கீரை ஆயத்தான் வேண்டும். அது இரண்டாம் விதி.

"என்ன சொன்னான்?"

"நீங்க தியானத்துல குறட்டை விடுறீங்களாம். எல்லார் முன்னாலயும் சொல்றான். அதோட விட்டானா? குறட்டையை விட்டும் காட்டுறான்."

"நல்லா விட்டானா?"

சங்குமுத்து சிரிக்கவில்லை.

"இன்னைக்கே அவனை பஸ் ஏத்தி அனுப்பிருவேன். அஞ்சாம் விதி குறுக்கே நிக்குது."

'பேசிய பேச்சுக்காக எவரையும் மடத்தைவிட்டு வெளியேற்றக் கூடாது.' மடம் தொடங்கிய நாளில் எல்லோரும் கை தூக்கி எழுதிக்கொண்ட விதி. மாட்டுவண்டி ஓட்டும் சுடலைக்கு வேறு போக்கிடம் இல்லை. அந்த ஒரு வரிக்குள்தான் அவன் குடியிருந்தான்.

"அதை எடுக்கச் சொல்றீரா?"

"சேச்சே! அது இருக்கட்டும். கடைசியில சின்னதா ஒண்ணு சேர்த்திருக்கோம். 'தலைமையை இழிவுபடுத்தும் பேச்சு நீங்கலாக.' அவ்வளவுதான். நேத்து நாப்பது பேர்ல முப்பத்தெட்டுப் பேர் கை தூக்கியாச்சு. உங்க கையெழுத்துதான் பாக்கி."

"எது இழிவு, எது இழிவில்லைன்னு யார் முடிவு பண்றது?"

"நீங்கதாம்மா. வேற யாரு?"

மெய்யம்மை கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

சங்குமுத்துவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அம்மா வாதாடுவார் என்று நினைத்து, ராத்திரியெல்லாம் பதில் யோசித்து வைத்திருந்தார். ஒன்றுக்கும் வேலையில்லை.

"விதி அமலுக்கு வந்தாச்சா?"

"வந்தாச்சும்மா."

"எல்லாருக்கும்தானே?"

"எல்லாருக்கும்தான்."

"சரி, இப்பச் சொல்லும். நான் தியானத்துல குறட்டை விடுறேனா?"

பன்னிரண்டு வருடமாக அவருக்கு அடுத்த பாயில் கண்ணை மூடி உட்காருகிறவர் சங்குமுத்து.

 

இல்லை என்று சொல்லிவிடலாம். பொய் சொன்னால் பன்னிரண்டு வருடத் தியானமும் போச்சு. ஆமாம் என்றால் சுடலைக்குப் பக்கத்து சீட்டில் பஸ் ஏற வேண்டியதுதான்.

மெய்யம்மை அவசரப்படுத்தவில்லை. கீரையில் பழுத்த இலையைப் பார்த்துப் பார்த்துக் கிள்ளிப் போட்டார்.

 சங்குமுத்து எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா... நான் கொஞ்சம் மனசு விட்டுப் பேசலாமா?"

"இத்தனை வருசத்துல பேசறதுக்கு என்கிட்ட அனுமதி கேட்ட முதல் ஆள் நீர்தான்" என்றார் மெய்யம்மை.