பெருக்கலுக்கு வழிவிட்ட அக்கா

அந்தக் காலத்தில் எலியும் ஆமையும் மட்டுமல்ல, கணக்குகளும் வாய் திறந்து பேசின. கூட்டல் அக்கா, பெருக்கல் தம்பி. யாருக்கு எதை எண்ண வேண்டியிருந்தாலும் இந்த இருவரைத்தான் கூப்பிடுவார்கள். அக்கா முதலில் தன் வேலையை முடிப்பாள். அதன் பிறகுதான் தம்பி கைவைப்பான். மூத்தவள் இருக்க இளையவன் முந்துவது மரியாதையில்லை என்பது அவர்கள் வீட்டு வழக்கம். மரியாதை நல்லதுதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் வெள்ளத்துக்கு அதெல்லாம் தெரியுமா?

ஒரு நாள் ஆறு பெருக்கெடுத்து வந்தது. கரையோரம் வளை தோண்டிக் குடியிருந்த செங்காயி என்ற வயல் எலி, ஆமையிடம் ஓடினாள்.

"ஆமையண்ணே, எங்களை அக்கரையில கொண்டுபோய் விட்டுடுங்க!"

"விடுறேன் தாயி. ஆனா என் முதுகுல பதினஞ்சு பேருக்குத்தான் இடம். ஒருத்தர் கூடினாலும் கவிழ்ந்துருவேன். திரும்பி வர்றதுக்குள்ள இந்தக் கரையே இருக்காது. மொத்தம் எத்தனை பேரு?"

செங்காயி அக்காவையும் தம்பியையும் கூப்பிட்டாள். "நானும் எங்க வீட்டுக்காரரும் ரெண்டு பேரு. மூணு வளை இருக்கு, வளைக்கு நாலு குட்டி."

அக்கா வழக்கம்போல் முந்திக்கொண்டாள். "ரெண்டும் மூணும் அஞ்சு."

தம்பிக்கு மனசு உறுத்தியது. ஆனாலும் அக்காவை எப்படி மறுப்பது? "அஞ்சு நாலு இருபது" என்று முணுமுணுத்தான்.

"அப்போ அஞ்சு பேரு இங்கேயே நிக்கணும்" என்றது ஆமை.

செங்காயி இடிந்துபோனாள். "நாங்க ரெண்டு பேரும் நின்னுக்கிறோம். இன்னும் மூணு பேரு? எந்த மூணு பிள்ளைய நான் நிறுத்துவேன்?"

அந்த அழுகையைத் தம்பியால் தாங்க முடியவில்லை. வழக்கமாவது ஒன்றாவது என்று அக்காவுக்கு முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, கோவிச்சுக்காதே. நீ ரெண்டு எலியையும் மூணு வளையையும் சேர்த்துட்டே. எலியும் வளையும் ஒண்ணா? முதல்ல வளைக்குள்ள இருக்கிற பிள்ளைங்களைப் பார்ப்போம். மூணு நாலு பன்னிரண்டு. இப்போ நீ சேரு."

அக்கா உடனே சேர்த்தாள். "பன்னிரண்டும் ரெண்டும்... பதினாலு!"

"ஏறுங்க, ஏறுங்க! இன்னும் ஒருத்தருக்கு இடமே இருக்கு" என்றது ஆமை. கணக்குகளுக்கு எடை ஏது? அக்காவும் தம்பியும் ஆமையின் ஓட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே போனார்கள்.

அக்கரையில் இறங்கியதும் அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னாலதான்டா அந்தப் பிள்ளைங்க பாவம் என் தலையில விழல. நீ நல்லா இருக்கணும். இனி நீ முன்னால போ, நான் பின்னால வர்றேன்."

செங்காயி தம்பியைக் கும்பிட்டாள். பிறகு அக்காவை இரண்டு கையாலும் இறுக அணைத்துக்கொண்டாள். "மூத்தவங்கிற வீம்பு பார்க்காம வழிவிட்டியே தாயி!"

அதைப் பார்த்த தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. "யாராவது உன்னை இப்படி அணைச்சுக்கிட்டிருந்தா அப்போ நீதான் முதல்லக்கா. நான் காத்திருக்கேன்."

அன்று முதல்தான், வரிசையில் எங்கே நின்றாலும் பெருக்கல் முன்னால் போகிறது, கூட்டல் பொறுத்திருக்கிறது. நாம் போடும் அடைப்புக்குறிகள் இருக்கின்றனவே, அவை செங்காயியின் இரண்டு கைகள். அவற்றுக்குள் அக்கா இருந்தால், தம்பி இன்றும் ஒதுங்கி நிற்கிறான்.