இலை நிறைந்தது, ஆள் எங்கே?

முன்னொரு காலத்தில் பூம்பொழில் நாட்டை வல்லபராயன் என்றொரு அரசன் ஆண்டான். காலையில் கட்டச் சொன்னதை மாலையில் இடிக்கச் சொல்லும் மகாராசன். அவன் கட்டி, இன்னும் இடிக்காமல் விட்டது ஒரு கல்விச்சாலை மட்டும்தான். நாலா திசையிலிருந்தும் வந்த இருநூறு பேர் அங்கே தங்கிப் படித்தார்கள்.

ஒருநாள் அரசன் அவையோரோடு அங்கே போனான். தூரத்து மலையூரிலிருந்து தனியாக வந்திருந்த காரி என்ற மாணவன் மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடந்தான். பக்கத்து அறைக்காரனுக்கே அது தெரியவில்லை.

"இது கல்விச்சாலையா, சத்திரமா? இழுத்து மூடுங்கள்!" என்று குதித்தான் அரசன்.

யானைக்கொட்டில் தலைவர் கோட்டைநாதருக்கு வாயெல்லாம் பல். அந்தக் கட்டடத்தின் மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண்.

அமைச்சர் எழினியார் முன்னால் வந்து, "மன்னா, ஒரு மாதம் பொறுங்கள்" என்றார்.

"பொறுக்கலாமே!" என்றார் கோட்டைநாதர். "மாதக் கடைசியில் ஒருவனை நான் ரகசியமாகக் கூட்டிப் போவேன். மதியச் சாப்பாடு முடிவதற்குள் அவனை யாராவது தேடினால் கல்விச்சாலை இருக்கட்டும். தேடாவிட்டால் கட்டடம் என் யானைகளுக்கு!"

"பேஷ்!" என்று தொடையைத் தட்டினான் அரசன். வேடிக்கை என்றால் அவனுக்குப் போதும்.

எழினியார் சீட்டுக் குலுக்கிப் போட்டு, மாணவர்களை எட்டு இல்லங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு இல்லத்திலும் எல்லா ஊர்க்காரர்களும் கலந்திருந்தார்கள். சட்டம் ஒன்றே ஒன்று: தன் இலைக்குத் தானே பரிமாறக்கூடாது. ஒவ்வொருவருக்கும் இன்னொருவர் இலை பொறுப்பு. முதல் வாரம் எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பரிமாறினார்கள். ஆனாலும் "போதுமா?" என்று கேட்கவாவது வாயைத் திறந்தாக வேண்டுமே!

மாதக் கடைசி வந்தது. வேடிக்கை பார்க்க அரசனும் அவையோரும் கல்விச்சாலைப் பந்திக்கு வந்தார்கள். யாரோடும் அதிகம் பேசாத காரியைத்தான் கோட்டைநாதர் கடத்தினார். சட்டம் தெரிந்த மனிதராயிற்றே, அவன் இடத்தில் தன் யானைப்பாகன் ஒருவனை உட்கார வைத்தார். பாகன் பரிமாறினான். எல்லா இலையும் நிறைந்தது. ஒருவரும் சோற்றைத் தொடவில்லை.

"என்ன தகராறு?" என்று அதட்டினான் அரசன்.

கடற்கரை ஊர்க்காரனான கடலாண்டி எழுந்தான். "மகாராசா, காரியக் காணோம். எனக்கு உப்பு தூக்கலா வேணும்னு அவன் முதல்ல உப்பத்தான் வைப்பான். இவரு யாருன்னே தெரியல."

"அதுதான் உன் இலை நிறைந்திருக்கிறதே!" என்றார் கோட்டைநாதர்.

"இலை நிறைஞ்சிருக்குங்க. ஆளக் காணோமே! மறுபடி காய்ச்சல்ல எங்கயாவது விழுந்து கிடக்கானோ என்னவோ!"

அந்த இல்லத்தின் மற்ற இருபத்து மூன்று பேரும் எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். மற்ற இல்லங்களும் பின்னாலேயே ஓடின. அவனை விடச் சொல்லி அரசன் சைகை காட்ட, யானைக்கொட்டிலிலிருந்து தலையெல்லாம் வைக்கோலோடு காரி வந்து சேர்ந்தான்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச? உசுரே போயிடுச்சு!" என்று கடலாண்டி அவனைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"யானைங்க நடுவுல பிடிச்சு வச்சுட்டாங்க. நீ சாப்பிட்டியா?" என்றான் காரி.

எழினியார் அப்போதுதான் நிம்மதியாக மூச்சு விட்டார். அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். "கோட்டைநாதரே, இனி ஒரு மாதம் இந்த இல்லத்துக்கு நீர்தான் இலை எடுக்க வேண்டும்!"

சிரிப்பு அடங்கியதும் அவன் அவையோர் பக்கம் திரும்பினான். "நான் ஒரு வேளை காணாமல் போனால் உங்களில் யார் சாப்பிடாமல் இருப்பீர்கள்?"

அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அரசன் முகம் வாடிப் போயிற்று.

காரி பந்திப் பாயில் உட்கார்ந்து, சற்று நகர்ந்து இடம் விட்டான். "இங்க இடம் இருக்குங்க, மகாராசா."

வல்லபராயன் மணிமுடியைக் கழற்றி எழினியார் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பாயில் போய் உட்கார்ந்தான்.