கட்டினவளுக்கு ஒரு வள்ளம்

காதை மட்டும் கொடுத்தால் போதாது, கண்ணையும் கொஞ்சம் இங்கே வையுங்கள். இந்த வழக்கில் எழுத்தும் ஒரு சாட்சி. கடைசியில் தீர்ப்பு கேட்டு உங்களிடம்தான் வருவேன்.

காயல்விளைத் தொபியாஸ் வாதம் வந்து, வாய் அடைத்து, நாற்பது நாள் படுத்துக் கிடந்து கண்ணை மூடினார். அந்த நாற்பது நாளில் அவர் எழுதியது மூன்றே வரி. கோயில் காலண்டரின் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தார். ஏழாம் நாள் பூசை முடிந்து வந்ததும் மூத்த மகள் பிலோமி அதை வாசித்தாள்.

"வீடு செலினம்மைக்கு. தென்னை ஏழும் கிளரவுக்கு. குளத்து வள்ளம் கட்டினவளுக்கு."

செலினம்மை அவருடைய இரண்டாம் மனைவி. கிளாரா, பிலோமியின் தங்கை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனிதரின் எழுத்து அது. "அப்பா எனக்க ரெண்டு காலையும் ஒடிச்சிட்டாரே" என்று கிளாரா தன் பெயரைத் தொட்டுக் காட்டி, அழுகையிலும் சிரித்தாள். பிலோமிக்குச் சிரிப்பு வரவில்லை. கால் ஒடிந்தாலும் தங்கைக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது. பிலோமியின் பெயர் அந்தத் தாளில் எங்குமே இல்லை.

வள்ளம் தொபியாஸுக்கு அவர் அப்பா விட்டுப்போனது. ஒரே அயினி மரத்தைக் குடைந்து, விளிம்பில் பலகை வைத்து, கயிற்றால் தைத்தது. அப்படித் தைப்பதை அந்த ஊரில் வள்ளம் கட்டுவது என்பார்கள். ஓட்டம் நின்ற பிறகு, வெயிலில் வெடிக்காமல் இருக்க அதைக் குளத்துச் சேற்றில் அமிழ்த்தி வைத்தார். வேறு இரண்டு வீட்டார் வள்ளங்களும் அங்கேதான் கிடந்தன. பதினெட்டு வருடத்துப் பாசியில் மூன்றும் ஒரே அச்சாக இருந்தன. தப்பான ஒன்றைத் தூக்கினால் ஊர்ச்சண்டை.

பிலோமி குளத்தில் இறங்கினாள். மூச்சைப் பிடித்து முங்கி, ஒவ்வொன்றின் அணியத்துக்குள்ளும், அதாவது மூக்குப் பக்கத்து இடுக்குக்குள், கைவிட்டுத் தடவினாள். மூன்றாவதில் கை நின்றது. "இதுதான் நம்ம வள்ளம்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். "தெரியும்" என்றாள், அவ்வளவுதான். தூக்கிக் கழுவியபோது அடியில் தாத்தா செதுக்கிய சிலுவை இருந்தது.

உங்களிடம் சொல்வதற்கென்ன. அந்த இடுக்கில் மூன்று முடிச்சு கோணலாக இருக்கும். கடைசியாக வள்ளம் கட்டியபோது கிளாராவுக்கு எட்டு வயது, இடுக்கில் நுழையும் கை அவளுடையது மட்டும்தான். மூன்று முடிச்சையும் தலைகீழாகப் போட்டு வைத்தாள். அப்பா அவிழ்க்கவில்லை. "கெடக்கட்டு. எனக்க மக்க கட்டினதுல்லா" என்றார். அன்று வள்ளத்துக்கு முந்திரித்தோட்டு எண்ணெய் பூசிய பிலோமியின் கை இரண்டும் வெந்து கொப்பளித்தன. அதற்கு அவர் வாயிலிருந்து ஒரு சொல் விழவில்லை. அதன் பிறகு வள்ளத்தில் ஏறும்போதெல்லாம் பிலோமியின் கண் அந்த இடுக்குக்குத்தான் போகும். அப்பா அதைப் பார்த்திருக்கிறார், எதுவும் கேட்டதில்லை. பாசம் மறந்தாலும் மறக்கும், பொறாமைக்கு மறதி கிடையாது.

கட்டினவளுக்கு என்றால் கட்டிவிட்டால் போயிற்று என்று கிளாரா வேலையில் இறங்கினாள். மக்கிய கயிற்றையெல்லாம் அறுத்து எறிந்தாள். விரிந்த பலகையை மாற்றி, இடையில் தேங்காய்த்தும்பு அடைத்து, புதுக்கயிற்றால் தைத்து, மீனெண்ணெய் பூசினாள். இரண்டு மாதமாயிற்று. எட்டு வயதில் போட்ட முடிச்சு அவளுக்கு நினைவே இல்லை. அறுத்துப் போட்ட குப்பையிலிருந்து அந்தத் துண்டைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டவள் பிலோமி.

வள்ளம் மினுங்கியதும் வழக்கு வந்தது.

"எனக்க கழுத்துல மின்னு கட்டினாரு. அவரு கட்டினவ நானில்லா?" என்றாள் செலினம்மை.

"சின்னம்மைக்குத்தான் வீட்டைப் பேரெழுதித் தந்தாச்சே. வள்ளம் கட்டினது நான்" என்றாள் கிளாரா.

"நீ கட்டினது அவரு செத்த பொறவு. அதுக்கு முன்னாடியே எழுதின எழுத்து உனக்கு எப்பிடி ஆகும்?"

அதற்குப் பதில் பிலோமியின் முந்தானையில் இருந்தது. எடுத்துக் காட்டினால் வள்ளம் தங்கைக்கு. காட்டாவிட்டால் தங்கைக்கு இல்லை. எப்படிப் போனாலும் பிலோமிக்கு ஒரு துரும்பும் கிடையாது. தனக்கு ஒரு கண் போனாலும் சரி, அவளுக்கு ரெண்டும் போகட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றாள். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு இனித்தது.

பிறகு கிளாரா முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன. பிலோமி முந்தானையை அவிழ்த்தாள்.

"இந்தா. எட்டு வயசுலயே நீ கட்டினது. இதைத் தடவித்தான் நான் வள்ளத்தைக் கண்டுபிடிச்சேன்."

இனி உங்கள் முறை. மின்னு வாங்கினவளா, முடிச்சுப் போட்டவளா? தொபியாஸ் எழுதியபடி அந்த வள்ளம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: இரண்டு பேருக்கும் இல்லை. தாளை இன்னொரு தடவை பாருங்கள். தொபியாஸுக்குத் துணைக்கால் போட வராது. கிளாராவின் பெயரில் இரண்டு கால் போனது. மூன்றாவதாக இன்னொன்றும் போயிருக்கிறது. அவர் எழுத நினைத்தது "காட்டினவளுக்கு". குளத்தில் கிடக்கும் மூன்றில் எது நம்முடையது என்று காட்டினவளுக்கு. அப்படிக் காட்டக்கூடியவள் ஒருத்திதான், அவளுக்குப் பெயர் எழுத வேண்டியதில்லை என்று அவர் நினைத்திருக்கிறார். முதலில் கண்டுகொண்டது கிளாராதான். பென்சிலை எடுத்து, 'க'வுக்குப் பக்கத்தில் ஒரு கால் போட்டு, தாளை அக்காவிடம் நீட்டினாள். பிலோமி அதை மூன்று தடவை வாசித்தாள். "அப்பா என்னையும் பாத்துகிட்டுத்தான் இருந்திருக்காரு" என்றாள்.