எக்காளச் சட்டம்

மேலைநாட்டை ஆண்ட முத்துவிசய ராஜாவுக்கு விதிமுறை என்றால் உயிர். நாடெங்கிலுமிருந்து நாற்பது பேரைக் கூட்டிப் பேரவை ஒன்றை அமைத்தார். அந்தப் பேரவை ஒப்பாமல் நானும் சட்டம் போடமாட்டேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சத்தியம் செய்தார். செய்த மறுநாளே தலைவலி தொடங்கியது.

தலைவலியின் பெயர் தாண்டவராயர். முதலமைச்சர். பெரிய ஏரிக்கு அருகே தலைமடையில் பரந்து கிடந்ததெல்லாம் அவருடைய வயல். தண்ணீர் அவருக்கே நிற்க வேண்டும் என்று ஏரியின் கீழ்மதகை மூடி வைத்திருந்தார். கடைமடை ஊர்களுக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஒருநாள் காலை, கடைமடையில் பயிர் செய்யும் மூக்காயி, கையில் வாடிய நாற்றுமுடியோடு ராஜாவின் முன் வந்து நின்றாள்.

"நாத்து மஞ்சப் பூத்துப் போச்சு ராசா. இன்னும் எட்டு நாள்ல தண்ணி வரலைன்னா நாலு ஊரும் சட்டிபானையத் தூக்கிக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

ராஜா பேரவையில் ஓலை எழுதும் ஆதிச்சனைப் பார்த்தார். "கீழ்மதகைத் திறக்கும் சட்டத்தை நான் அனுப்பி இரண்டு மாதம் ஆகிறதே. எங்கே அது?"

"ஆய்வுக்குழுவில் இருக்கிறது, மகாராஜா."

"குழு என்ன சொல்கிறது?"

"இன்னும் கூடவே இல்லை. தலைவர் வந்தால்தான் குழு கூடலாம் என்பது விதி. தலைவர் தாண்டவராயர். குழு கூடும் நாளிலெல்லாம் அவருக்கு வயிற்றுவலி வந்துவிடுகிறது."

ராஜா பல்லைக் கடித்தார். "ஆதிச்சா, ஒரு விதியையும் மீறக்கூடாது. தாண்டவராயரே கை தூக்கி ஒப்ப வேண்டும். எட்டு நாளில் மதகு திறக்க வேண்டும். முடியாவிட்டால் எழுத்தாணியை வைத்துவிட்டு ஊர் போய்ச் சேர்."

மூக்காயி ஆதிச்சனை மேலும் கீழும் பார்த்தாள். ஆள் ஒல்லி. "இவருகிட்டயா சொல்றீங்க? பலமா ஒரு காத்தடிச்சா இவரே இருக்கமாட்டாரு போலிருக்கே!"

ஆதிச்சனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் கையிலிருந்த நாற்றைப் பார்த்ததும் அது அடங்கிப் போனது. எழுத்தாணி போனால் இன்னொன்று கிடைக்கும். நாற்று போனால் நாலு ஊர் போய்விடும்.

அந்த வாரம் தாண்டவராயரும் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார். தாம் எங்கிருந்து எங்கே கிளம்பினாலும் முன்னால் இரண்டு எக்காளம் ஊதியே ஆகவேண்டும் என்று ஒரு சட்டம்! அதற்கு ஆய்வும் இல்லை, வயிற்றுவலியும் இல்லை. நேராகப் பேரவைக்கு வந்துவிட்டது.

பேரவையில் ஒரு விதி உண்டு. வரும் சட்டத்தோடு ஒட்டிய வரி ஒன்றை அவையைச் சேர்ந்த யாரும், ஓலை எழுதுபவன்கூட, சேர்க்கலாம். அதை ஓலையில் எழுதி, வாசலில் உள்ள மரமுளையில் மூன்று நாள் தொங்கவிட வேண்டும். யாரும் மறுக்காவிட்டால் அந்த வரி சட்டத்தில் சேர்ந்துவிடும். ஆதிச்சன் ஒரு வரி எழுதினான். தொங்கவிட்டான்.

சற்று நேரத்தில் தாண்டவராயர் வந்தார். நேராக அந்த முளையை நோக்கி நடந்தார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து, ஓலைக்கு மேலேயே மாட்டிவிட்டு உள்ளே போனார். அது அவருடைய அன்றாட வழக்கம். ஆதிச்சன் அதை நம்பித்தான் இறங்கியிருந்தான். முதலமைச்சரின் சால்வையை விலக்கிப் பார்க்க அந்த நாற்பது பேரில் யாருக்குத் துணிச்சல்? மூன்று நாளும் இப்படியே கழிந்தது.

நான்காம் நாள் ஆதிச்சன் சட்டத்தை வாசிக்க எழுந்தான். தாண்டவராயருக்குப் பசி வேளை.

"வாசித்ததாகக் கொள்ளலாம்!" என்றார். அவையில் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

"ஐயா, கடைசியில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது. அதையாவது..."

"ஒன்பது வரி சேரட்டுமே! எல்லாம் என் புகழ்தானே? ம், கை தூக்குங்கள்!"

தாமே முதலில் தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள். ராஜா முத்திரை வைத்தார்.

தாண்டவராயர் மீசையை முறுக்கியபடி வாசலுக்கு வந்தார். எக்காளம் இரண்டும் முழங்கின. அதைக் கேட்டதும் ஏரிக்கரையில் புதுச் சட்ட ஓலையோடு நின்ற மதகுக் காவலன் கீழ்மதகை விருட்டென்று தூக்கினான். தண்ணீர் கடைமடையை நோக்கிச் சீறிப் பாய்ந்தது.

போன வேகத்தில் அவர் திரும்பி ஓடிவந்தார். "யார் திறக்கச் சொன்னது?"

"தாங்கள்தான் ஐயா." ஆதிச்சன் கடைசி வரியை நிதானமாக வாசித்தான். "அமைச்சருக்கு எக்காளம் ஊதும் நாளெல்லாம், அந்த மகிழ்ச்சியில் கடைமடையும் பங்கு பெற, கீழ்மதகைத் திறந்து பொழுது சாயும்வரை மூடாதிருக்க வேண்டும்."

"நான் இதைப் பார்க்கவே இல்லையே!"

"மூன்று நாள் வாசலில் தொங்கியது. தாங்கள்தான் வெயில் படாமல் போர்த்தி வைத்திருந்தீர்கள்."

"எனக்கு எக்காளமே வேண்டாம்! ஊதாதே என்று சொல்!"

"ஊதியே ஆகவேண்டும் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்களே."

"அப்படியானால் சட்டத்தை ரத்து செய்!"

"தாராளமாகச் செய்யலாம். ஆய்வுக்குழு கூட வேண்டும். அதற்குத் தலைவர் வர வேண்டும். தலைவர் வீட்டைவிட்டுக் கிளம்பினால்..."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. அங்கேயே ஆதிச்சனுக்குப் பொன் எழுத்தாணி ஒன்றைப் பரிசளித்தார்.

அன்று மாலையே தாண்டவராயர் வீட்டுக் கதவைத் தாழிட்டார். வயிற்றுவலி என்று சொல்லியனுப்பிவிட்டு இழுத்துப் போர்த்திப் படுத்துக்கொண்டார். மறுநாள் விடிந்தும் விடியாமலும் வாசலில் ஒரே சத்தம். சன்னலைத் திறந்து பார்த்தார். கடைமடை ஊர்கள் நாலும் திரண்டு நின்றன. நடுவே பல்லக்கு. பக்கத்தில் எக்காளக்காரர்கள். முன்னால் மூக்காயி.

"ஐயாவுக்கு வயித்துவலியாமே? கேட்டதும் எங்களுக்குச் சோறு எறங்கல. வாங்கய்யா, வைத்தியர் வீட்டுக்கு நாங்களே தூக்கிட்டுப் போறோம். நாத்து தேறுற வரைக்கும் தெனமும் வருவோம்!"