கழுத்தில் ஏறிய வண்டு

அந்தக் காலத்தில், பூச்சி புழுவெல்லாம் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, வயல்வண்டுக்கு விஷம் கிடையாது. எறும்பைவிடச் சற்றே நீளம். உடம்பில் கறுப்பும் செம்மஞ்சளுமாகப் பட்டை. நெல்லைக் கெடுக்கிற பூச்சிகளைத் தின்று பயிருக்குக் காவல் இருந்தது. தன்னால் சமாளிக்க முடியாதபடி பூச்சி பெருகினால் வயலுக்குடையவரிடம் ஓடிவந்து சொல்லும். குரல் அவ்வளவு சின்னது. கழுத்து வழியே ஏறிக் காதருகே போனால்தான் கேட்கும்.

ஒச்சாயிக்கு இருந்தது ஒரே வயல். அது விளைந்தால்தான் வருடம் முழுக்க அவள் வீட்டில் உலை கொதிக்கும். கதிர் வரப்போகிற சமயம், குனிந்து கோரை பிடுங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. கையெல்லாம் சேறு, வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. பட்டென்று ஓர் அடி. கொசு என்று நினைத்துவிட்டால் யார்தான் பார்த்து அடிக்கிறார்கள்?

"ஆத்தா..." என்றது மட்டும் கேட்டது. மீதி நசுங்கிப்போயிற்று.

ஒச்சாயி கையை எடுத்துப் பார்த்தாள்: வயல்வண்டு. என்ன சொல்ல வந்ததோ என்று வயலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மேலே பயிர் பச்சையாகத்தான் நின்றது. பயிரின் அடித்தூரை விலக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. அங்கேதான் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி அப்பிக்கிடந்தது. பத்தே நாளில் வயல் முழுக்கத் தீய்ந்த வைக்கோலாயிற்று.

வரப்பில் வண்டுகள் கூடி, மண்ணுக்குத் தெய்வமான மண்ணுத்தாயிடம் முறையிட்டுக்கொண்டிருந்தன. ஒன்று கொடுக்குக் கேட்டது, ஒன்று பல் கேட்டது. ஒச்சாயி அழுதுகொண்டே போய் நின்றாள்.

"கொடுக்கும் பல்லும் வேணாம் தாயே. அது ஒண்ணுஞ் செய்யாதவங்களையும் நோகடிச்சிரும். இதுக ரத்தத்துல நெருப்ப வையி. பாக்காம நசுக்குற ஆளுக்கு மட்டும் ஒறைக்கட்டும். மொத வடு எங்கழுத்துல விழட்டும்."

மண்ணுத்தாய் சரி என்றாள். அன்று கழுத்தில் வண்டின் ரத்தம் பட்டிருந்த இடம் அந்தக் கணமே கோடாகச் சிவந்து கொப்பளித்தது. ஒச்சாயி துடித்துப்போனாள், ஆனால் கேட்டதைத் திருப்பி வாங்கவில்லை. வண்டுகளோ, "காவல் இருப்போம். பேச்சு மட்டும் இனிமே கெடையாது" என்று பயிருக்குள் போய்விட்டன.

அன்று முதல்தான், அந்த வண்டை நசுக்கினால் தோல் வெந்து கொப்புளமாகிறது. கழுத்தில் ஊர்ந்தால் அடிக்காதே, ஊதிவிடு என்கிறார்கள். ஊதிவிட்டால் அது யாரையும் ஒன்றும் செய்யாமல் வயலுக்குத் திரும்பிவிடும், சொல்ல வந்ததைச் சொல்லாமலே.