ஓராள் வரிசை

"அக்கா, பத்தொன்பது நாளா நான் மத்தியானம் சாப்பிடல" என்றான் சேந்தன்.

ரிஸ்வானா காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினாள்.

அந்தக் கல்லூரியில் ஆட்டிசம் உள்ள மாணவர்கள் எட்டுப் பேர். நாலு பேரோடு பழகுவது எப்படி என்று அவர்களுக்கு வாராவாரம் சொல்லிக்கொடுப்பவள் ரிஸ்வானா. சேந்தனைப் போல அவளும் அந்த எட்டில் ஒருத்திதான். எம்.சி.ஏ. கடைசி வருடம். குருவுக்குத் தாடி இருந்தே ஆகவேண்டும் என்று யார் சொன்னது?

"ஏன் சாப்பிடல?"

"என் முறை வரல."

"எங்க நிக்கிற?"

"வரிசையில."

"உனக்கு முன்னாடி எத்தன பேரு?"

சேந்தன் யோசித்தான். "யாருமில்ல."

"பின்னாடி?"

"யாருமில்ல."

இதைக் கேட்டுச் சிரிக்காத முதல் ஆள் அவள்தான். அதனால் மீதியையும் சொன்னான்.

கல்லூரி கேன்டீனில் ஒரு மணி அடித்தால் போதும், முந்நூறு பேர் ஈயாய் மொய்ப்பார்கள். டோக்கன் பிடித்த கைகள் கவுன்டருக்குள் நீளும். "அண்ணே, அண்ணே" என்று ஒரே கூச்சல். எந்தக் கை நீளமோ அதற்குச் சோறு. மேலே சுவரில் 'வரிசையில் வரவும்' என்று பெயின்டில் எழுதியிருக்கும். எழுதியவரே அதை மறந்திருப்பார். படித்தவன் சேந்தன் ஒருவன்தான்.

"ஹாஸ்டல் பசங்களுக்கும் மத்தியானச் சோறு அங்கதான்க்கா. நேத்து லேப்ல மயங்கி விழுந்துட்டேன். ஆபீஸ்ல இருந்து அப்பாவுக்குப் போன் போயிருச்சு. நாளைக்கு வந்து டி.சி. வாங்கிட்டு என்னையக் கூட்டிட்டுப் போயிருவாரு."

"போறியா?"

"இல்ல. எனக்கு இங்க படிக்கணும்." அதைச் சொல்லும்போது அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

ரிஸ்வானா காத்திருந்தாள்.

"எல்லாரும் இடிச்சுட்டுப் போன்னு சொல்றாங்க. யாராவது மேல பட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியுது. எப்படி இடிக்கிறதுன்னு நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

"எனக்கே தெரியாதே."

"அப்ப நீங்க எப்படிச் சாப்பிடுறீங்க?"

"பன்னு. அஞ்சு வருசமா."

இருவரும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அப்படி இருப்பதில் இருவருக்குமே ஒரு நிம்மதி.

"நாளைக்கு ஒரு மணிக்குப் போயி, நீ எப்பவும் நிக்கிற எடத்துலயே நில்லு" என்றாள் ரிஸ்வானா.

"நின்னு?"

"நில்லு."

மறுநாள் போய் நின்றான். வழக்கம்போல் கூட்டம் அவனைச் சுற்றிக்கொண்டு ஓடியது. நாற்பத்தோரு டோக்கன் உள்ளே போவதை எண்ணினான்.

முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி யாரோ வந்து நிற்பது தெரிந்தது. ரிஸ்வானா. காதில் ஹெட்போன், கையில் டோக்கன்.

"அக்கா, நான் இப்ப என்ன சொல்லணும்?"

அவள் டோக்கனை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"முன்னாடி போகணுமா?"

அவள் அவனுக்குப் பின்னால் நின்றாள், அவ்வளவுதான்.

அவளுக்குப் பின்னால் காலில் கட்டுப் போட்ட ஒரு பெண் ஊன்றுகோலோடு வந்து நின்றாள். அடுத்து நூலகர் வந்தார். அடுத்து, முந்தின நாள் யார் முழங்கையிலோ மூக்கைக் கொடுத்த ஒரு பையன். யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. வரிசையைக் கண்டால் எதற்கென்று கேட்காமல் போய் நின்றுகொள்வதும் நம் ஜனங்களின் குணம்தானே.

வரிசை கேன்டீன் வாசலைத் தாண்டியது. சைக்கிள் ஸ்டாண்டைத் தொட்டது.

கவுன்டரை மொய்த்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் ஒரு கை கவுன்டரிலிருந்து பின்வாங்கியது. அந்தக் கைக்குச் சொந்தக்காரன் முணுமுணுத்துக்கொண்டே கடைசிக்கு நடந்தான். பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர் நடந்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்குத் தனியாக நிற்க வெட்கமாகிவிட்டது.

சோறு போடும் முத்திருளாண்டிக்குக் கரண்டி அந்தரத்தில் நின்றது. எதிரில் கை ஒன்றுகூட இல்லை. பதினாறு வருடத்தில் இப்படி அவர் பார்த்ததில்லை.

"என்னப்பா, ரேசன் கடையாக்கும்? சரி, யாரு மொதல்ல?"

அறுபது பேர் சேந்தனைக் கை காட்டினார்கள்.

சேந்தன் முன்னால் போனான். ஒருவரும் அவன் மேல் படவில்லை. டோக்கனை நீட்டினான். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது, ஒரு கரண்டி புடலங்காய்க் கூட்டு விழுந்தது. அப்பளம் இரண்டாக வைத்தார் முத்திருளாண்டி. சேந்தன் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

அப்போது ஊரிலிருந்து அப்பா வந்து சேர்ந்தார். கையில் டி.சி.க்கு எழுதிய விண்ணப்பம். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு. நேராக முன்னால் வந்து மகனின் பக்கத்தில் நின்றார்.

"இன்னுமா நீ சாப்பிடல? இதுல ஒரு கையெழுத்தப் போடு. கெளம்புவோம்."

"நீங்க சாப்பிட்டீங்களாப்பா?"

"இல்லடா."

சேந்தன் தட்டை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, வாசலுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டைக் காட்டினான்.

"வரிசை அங்க முடியுது. கடைசியில போய் நில்லுங்க. சாப்பிட்டுட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போங்க."

"நீ?"

"எனக்கு ரெண்டு மணிக்கு லேப் இருக்குப்பா."

அப்பா விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, போய்க் கடைசியில் நின்றார்.